சென்னையில் டிசம்பர் பூச் செடி வளர்ப்பது எப்படி: குச்சி நடுவது முதல் கவாத்து வரை

டிசம்பர் பூச் செடிக்கு அதிகப் பராமரிப்பு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனாலும், "செடி நல்லா கொழுகொழுன்னு இருக்கு சார், பூதான் ஒண்ணுகூடக் காணோம்" என்று மார்கழி மாதத்தில் என்னிடம் குறைப்பட்டுக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டியும் மாடித் தொட்டிகளிலுமாகப் பல ஆண்டுகள் இச்செடியை வளர்த்தும், கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி கொடுத்தும் பார்த்ததில், தவறுகளில் பெரும்பாலானவை கவனிக்காமல் விட்டதால் வந்தவை அல்ல என்பது தெரிந்தது. நல்ல வேலையைத் தவறான மாதத்தில் செய்ததால் வந்தவையே மிகுதி. ஆகவே இந்த வழிகாட்டியை மாத வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

இங்கே டிசம்பர் பூ என்று குறிப்பிடுவது பார்லேரியா கிறிஸ்டேட்டா என்னும் தாவரப் பெயருடைய புதர்ச்செடியை. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களிலும், வெள்ளையில் ஊதாக் கோடு போட்டதாகவும் இது கிடைக்கும். மணம் கிடையாது. கனகாம்பரமும் ஆடாதோடையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மஞ்சள் பூவும் இலைக்கணுவில் கூரிய முள்ளும் உடைய செம்முள்ளி இதன் நெருங்கிய உறவு என்பதால், பூ இல்லாத காலத்தில் நர்சரியில் வாங்கும்போது கணுவில் முள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

1. முதலில் செடியின் காலக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னையில் ஜூன் மாதத்தில் பகல் பொழுது சுமார் 12 மணி 50 நிமிடமும், டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடமும் நீடிக்கிறது. பகல் குறுகிவரும் காலத்தில்தான் டிசம்பர் பூச் செடி மொட்டு வைக்கிறது. நவம்பரில் முதல் பூக்கள் தென்படும், டிசம்பரிலும் ஜனவரியிலும் செடி நிறையப் பூக்கும், பிப்ரவரியில் ஓய்ந்துவிடும்.

மொட்டுகள் கிளைகளின் நுனியிலும், நுனியை ஒட்டிய இலைக்கக்கங்களிலும் (இலை தண்டோடு சேரும் இடுக்குகளிலும்) கொத்தாக வரும். எனவே, செப்டம்பர் மாதத்தில் செடியில் எத்தனை இளங்கிளை நுனிகள் இருக்கின்றனவோ அத்தனை பூங்கொத்துகளை எதிர்பார்க்கலாம். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை நாம் செய்யும் வேலையெல்லாம் இந்த நுனிகளைப் பெருக்குவதற்காக. அதன் பிறகு அவற்றைக் காப்பாற்றினால் போதும்.

2. தொடங்குவதற்கு முன் தேவையானவை

இடம்: நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். நிழலிலும் செடி பிழைத்துக்கொள்ளும் என்பதால் பலர் மாமரத்தடியில் வைத்துவிடுகிறார்கள். அங்கே செடி ஒல்லியாக நீண்டு, ஓரங்களில் மட்டும் பூக்கிறது. காலை வெயில் கிடைக்கும் கிழக்குப் பக்கம் மிகவும் ஏற்றது. மொட்டை மாடியில் வைப்பவர்கள், மேற்குச் சுவரின் அனல் நேரே அடிக்கும் மூலையைத் தவிர்க்க வேண்டும்.

மண்: சென்னையில் எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் போன்ற இடங்களில் பெரும்பாலும் களிமண். மழைக்காலத்தில் நீர் இறங்காது. அங்கே பள்ளம் தோண்டி நடுவதைவிட, தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்குப் பாத்தியை மேடாக்கி நட வேண்டும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை ஆகிய மணற்பாங்கான இடங்களில் நீர் தேங்கும் பிரச்சினை குறைவு. ஆனால் ஊற்றிய நீரும் இட்ட உரமும் நிற்காமல் கீழே போய்விடும் என்பதால், குழிக்கு இரண்டு மடங்கு தொழு உரம் கலக்க வேண்டும்.

தொட்டி: குறைந்தது 12 அங்குல விட்டம், 14 அங்குலமாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு மாற்ற வேண்டியதில்லை. கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் போதும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள மாவு போன்ற தூசி மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும் என்பதால், இரண்டு மூன்று முறை கழுவி வடித்த பிறகே கலக்க வேண்டும். தேங்காய் நார்க்கழிவை மட்டுமே நிரப்பி, எடை குறைகிறதென்று மகிழ்பவர்கள் ஐப்பசி வரை மகிழலாம். அடைமழையில் அது நாள்கணக்கில் ஈரம் பிடித்து வேரை அழுகச் செய்யும்.

கருவிகள்: கூரான கவாத்துக் கத்தரி, தடித்த கையுறை, நான்கைந்து நாற்றுப்பைகள். கையுறை எதற்கு என்பது பிப்ரவரியில் தெரியும்.

3. குச்சி எடுத்தல்: பிப்ரவரி அல்லது மார்ச்

விதையிலிருந்தும் செடி வரும். ஆனால் குச்சியில்தான் தாய்ச்செடியின் நிறம் மாறாமல் கிடைக்கும் என்பதால், கோடு போட்ட பூவை விரும்புபவர்கள் குச்சியையே நாட வேண்டும். பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்கையில் கிடைக்கும் கிளைகளே இதற்குப் போதும்.

பச்சையாக வளையும் நுனிப் பகுதியும் வேண்டாம். அடியிலுள்ள பழுப்பேறிய கட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் இடைப்பட்ட, பென்சிலைவிடச் சற்று மெல்லிய பகுதியில் ஐந்தாறு அங்குல நீளத்துக்கு, மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்டுங்கள். கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும்; வேர் அந்தக் கணுவிலிருந்துதான் எளிதாகப் புறப்படும். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குங்கள். அந்த இரண்டும் பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். வேரில்லாத குச்சியால் நிறைய இலைகளுக்கு நீர் கொடுக்க முடியாது.

நாற்றுப்பையில் மணல் மிகுந்த கலவையை நிரப்பி, முதலில் நீர் ஊற்றி, பின்னர் ஒரு குச்சியால் துளையிட்டு, அத்துளையில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு நடுங்கள். நேராகக் குத்தினால் வெட்டுவாய் நசுங்கி, அங்கிருந்தே அழுகல் தொடங்கும். பின்பு வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: வேர் வந்துவிட்டதா என்று குச்சியை இழுத்துப் பார்ப்பது. என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆறு குச்சிகளையும் வாரத்துக்கொருமுறை பிடுங்கிப் பார்த்து, ஆறையும் இழந்தான். புதிய தளிர் விட்ட மறுநாளே வேர் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். குச்சியில் சேமித்திருந்த சத்தைக் கொண்டும் முதல் தளிர் வரக்கூடும். இரண்டாவது ஜோடி இலை விரிந்தால் நம்பலாம்.

நர்சரியில் வாங்குவதாயின், பூத்திருக்கும் டிசம்பர் மாதத்தில் வாங்குவதே நிறத்துக்கு உத்தரவாதம். ஆனால் வாங்கிய அன்றே தொட்டி மாற்றாதீர்கள். வேர் அசைந்தால் மொட்டுகள் உதிரும். வந்த பையிலேயே ஜனவரி முடியும் வரை வைத்திருந்து, பூ ஓய்ந்ததும் வெட்டிவிட்டு மாற்றலாம்.

4. நடவு: ஜூன் பிற்பகுதி

வேர் பிடித்த கன்றுகளை ஏப்ரல், மே மாதங்களில் பையிலேயே அரைநிழலில் வைத்திருங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் புதிதாக நட்ட செடி பிழைத்தாலும் ஒரு மாத வளர்ச்சியை இழந்துவிடுகிறது. ஜூன் பிற்பகுதியில் மாலை மழை அவ்வப்போது வரத் தொடங்கியதும் நட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் ஊன்ற மூன்று மாதங்களுக்கு மேல் கிடைக்கும்.

தரையில் தனிச்செடியாக வைத்தால் இரண்டரை அடி இடைவெளியும், வேலி போல வரிசையாக வைத்தால் ஒன்றரை அடி இடைவெளியும் விடுங்கள். சிறு கன்றுகளைப் பார்த்து இடைவெளி அதிகம் என்று தோன்றும். செடி மூன்று நான்கு அடி உயரமும் ஏறக்குறைய அதே அகலமும் வளரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நெருக்கி நட்டால் நடுவில் காற்றோட்டம் இல்லாமல் மாவுப்பூச்சி குடியேறும்.

5. நுனி கிள்ளுதல்: ஜூலை முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை

இந்தச் செடிக்குச் செய்யும் வேலைகளில் பலன் மிகுந்தது இதுதான், தவிர்க்கப்படுவதும் இதுதான். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக அமைந்திருக்கும். நுனியைக் கிள்ளியதும் அதற்குக் கீழேயுள்ள ஜோடியின் இரு கக்கங்களிலிருந்தும் ஆளுக்கொரு கிளையாக இரண்டு கிளைகள் புறப்படும். ஒரு நுனி இரண்டாகும். இரண்டாம் முறை கிள்ளினால் நான்காகும். மூன்றாம் முறை எட்டு. கிள்ளாமல் விட்ட செடியில் மூன்று நான்கு நீண்ட தண்டுகள் மட்டும் நிற்கும். அவற்றின் உச்சியில் மட்டும் பூக்கும்.

நட்டு மூன்று வாரம் கழித்து, தண்டில் நான்கைந்து ஜோடி இலைகள் வந்ததும் கட்டைவிரல் நகத்தாலேயே நுனி ஜோடியைக் கிள்ளிவிடுங்கள். புதிய கிளைகளில் மூன்று ஜோடி இலைகள் வந்ததும் மீண்டும் கிள்ளுங்கள். முதல் ஆண்டில் இரண்டு முறைக்கே நேரமிருக்கும். அடுத்த ஆண்டு முதல் மே மாதத்திலேயே தொடங்கலாம் என்பதால் மூன்று அல்லது நான்கு முறை கிள்ள முடியும். முதன்முறையாகச் செய்பவர்களுக்கு வளர்கிற நுனியைக் கிள்ள மனம் வருவதில்லை. எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஒரு செடியை மட்டும் கிள்ளி, ஒன்றை அப்படியே விட்டு வைத்து, டிசம்பரில் இரண்டையும் பார்த்த பிறகே நம்பினார்.

6. ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள்

பூ வராத செடிகளில் பத்தில் எட்டுக்குக் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நுனிகளை வெட்டினால், அவ்வாண்டின் பூவையே வெட்டுகிறோம். வெட்டிய பின் வரும் தளிர்கள் முதிர்ந்து மொட்டு வைப்பதற்குள் ஜனவரி பாதி கழிந்துவிடும்.

இதற்குச் சென்னையில் இரண்டு சந்தர்ப்பங்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று, ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்வது. மற்றொன்று, மழைக்காலத்துக்கு முன் மரங்களின் கிளைகளைக் கழிப்பது. காற்றில் முறியக்கூடிய முருங்கைக்கும் வேம்புக்கும் அது சரியான வேலை. ஆனால் அதே ஆள், அதே கத்தரியோடு, புதரையும் 'அழகாக' வட்டமாக வெட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் வீட்டிலேயே ஓராண்டு இது நடந்தது. சரஸ்வதி பூஜைக்கு முன்தினம் நான் வெளியே போயிருந்த ஒரு மணி நேரத்தில், சுவரோரத்துச் செடிகள் ஐந்தும் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாகிவிட்டன. அந்த மார்கழியில் மாடித் தொட்டியிலிருந்த இரண்டு செடிகளில் மட்டுமே பூ. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசியில் செடிகளைச் சுற்றிச் சணல் கயிறு கட்டி, யாரும் கைவைக்கக் கூடாது என்று அடையாளம் வைக்கிறேன்.

காய்ந்த குச்சி, முறிந்த கிளை ஆகியவற்றை மட்டும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். நடைபாதையை மறைக்கும் கிளையை வெட்டாமல் கயிற்றால் பின்னோக்கிக் கட்டி வையுங்கள்.

7. தண்ணீர்

வேர் ஊன்றிய செடி வறட்சியைத் தாங்கும். தரையிலுள்ள செடிக்குக் கோடையில் வாரம் இரண்டு முறை நன்கு நனையும்படி ஊற்றினால் போதும். தொட்டிக்கு ஏப்ரல், மே மாதங்களில் தினமும் தேவைப்படலாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பிற்பகலில் இலை தொங்கியதைப் பார்த்தவுடன் ஊற்றுவது பலரின் பழக்கம். மண் ஈரமாக இருக்கையில் வெயிலுக்குத் தொங்கிய இலை மாலையில் தானே நிமிர்ந்துகொள்ளும்.

ஊற்றும் அளவைவிட, எந்த நீரை ஊற்றுகிறோம் என்பதே சென்னையில் முக்கியம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் குழாய் போட்டுத் தொட்டிகளுக்கு விடுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்நீரில்தான் செறிந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கும் வீட்டில் அதன் கழிவுநீர் இன்னும் மோசம். இலையின் ஓரம் பழுப்பாகக் கருகுவதும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படிவதும் இதற்கான அறிகுறிகள். அந்நீரைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். உப்புநீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், பிடித்து வைத்த மழைநீரையோ லாரித் தண்ணீரையோ மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாகத் தாராளமாக வழியும் வரை ஊற்றி, படிந்த உப்பைக் கரைத்து வெளியேற்றலாம்.

8. உரமும் பூச்சியும்

உரம் குறைவாகவே போதும். நடும்போது கலந்தது தவிர, பிப்ரவரிக் கவாத்துக்குப் பின் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள். செப்டம்பருக்குப் பிறகு கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றாதீர்கள். அதிலுள்ள தழைச்சத்து இலையை வளர்த்து மொட்டைத் தாமதப்படுத்தும். "கொழுகொழு" செடிகளின் ரகசியம் பல வீடுகளில் அந்தப் பிண்ணாக்கு வாளிதான்.

கோடையில் கணுக்களில் பஞ்சு போல மாவுப்பூச்சி படிந்தால், முதலில் குழாய் நீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இலை கருகும். எறும்பு வரிசை தெரிந்தால் மாவுப்பூச்சியும் எங்கோ இருக்கிறது என்று பொருள்; அதன் இனிப்புக் கழிவுக்காகவே எறும்புகள் வருகின்றன.

9. வடகிழக்குப் பருவமழைக்கு ஆயத்தம்: அக்டோபர் முதல் வாரம்

மொட்டு வைக்கும் காலமும் சென்னையின் பெருமழைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தொட்டிகளின் அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கற்கள் மேல் ஏற்றி, அடித்துளையில் குச்சியை விட்டு அடைப்பு நீக்குங்கள். தரையிலுள்ள பாத்திகளிலிருந்து நீர் வெளியேற ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். உயரமான செடியின் கிளைகளைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, ஒரு கழியோடு இணையுங்கள்.

ஈரத்தைவிட, காற்றில்லாமல் நிற்கும் நீரே வேருக்கு ஆபத்து. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் நீர் வடிய இரண்டு நாட்களுக்கு மேலாயிற்று. மேட்டுப்பாத்தியிலிருந்த செடிகள் தப்பின. வாசலோரம் பள்ளத்தில் வைத்த ஒன்று இலை முழுவதையும் உதிர்த்துப் பட்டுப்போனது. இப்படி நீர் தேங்கி வடிந்தால், இலைகளில் படிந்த சேற்றைக் கழுவி, மேல்மண்ணைக் குத்திக் கிளறிவிட்டு, செடியை அப்படியே விட்டுவிடுங்கள். தேற்றுவதாக நினைத்து உடனே உரமிட்டால், அடிபட்ட வேர் மேலும் கெடும்.

10. பூப் பறித்தல்

மொட்டு இரண்டு பச்சை இதழ்களுக்கு நடுவிலிருந்து எட்டிப்பார்க்கும். சிற்றிலை போலத் தோன்றும் இவ்விரண்டும் புல்லியிதழ்கள். ஓரங்களில் நுண்ணிய பற்கள் இருக்கும். பூவைப் பறிக்கும்போது இவற்றையும் சேர்த்துக் கிள்ளக் கூடாது, ஏனெனில் அதே கொத்தில் அடுத்தடுத்த மொட்டுகள் வரிசையில் காத்திருக்கின்றன. பூவின் குழல் போன்ற அடிப்பாகத்தை இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தால் பூ மட்டும் கழன்று வந்துவிடும். அந்த நீண்ட குழல் இருப்பதால்தான் சரம் தொடுப்பதும் எளிது. காலை வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மாலை வரை தாங்கும். இதழ் மிக மெல்லியது என்பதால், அழுத்திக் கட்டினால் கசங்கிக் கருத்துவிடும்.

11. கவாத்து: பிப்ரவரி

பூ ஓய்ந்ததும், பொங்கல் கழிந்து மூன்று நான்கு வாரங்களுக்குள், செடியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். முன்பு சொன்ன கையுறை இப்போதுதான் தேவைப்படும்: பச்சையாக இருக்கையில் மென்மையாகத் தோன்றிய புல்லியிதழ்கள், காய்ந்ததும் வைக்கோல் நிறத்தில் விறைத்து, அவற்றின் பற்கள் விரலில் முள்ளாக ஏறும். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணுக்கள் மிஞ்சுமாறு, கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். உள்நோக்கி வளர்ந்தவற்றையும் பட்டுப்போனவற்றையும் அடியோடு எடுத்துவிடலாம். ஓர் அடிக்கு வெட்டுவதா என்று தயங்கி, மேலோட்டமாகச் சீவிவிடுபவர்களின் செடி மூன்றாம் ஆண்டில் அடியில் மொட்டையாகவும் உச்சியில் குடையாகவும் மாறிவிடுகிறது. நான்கைந்து ஆண்டுகள் ஆகி, தண்டு கட்டையாகி, வெட்டியும் தளிர் குறைவாக வரும் செடியை அகற்றிவிட்டு, அதன் குச்சியில் வளர்த்த கன்றை அதே இடத்தில் வைக்கலாம்.

கவாத்தைத் தள்ளிப்போட்டால் விதை முற்றிவிடும். பளபளவென்று பழுப்பேறிய காய்கள் காய்ந்து வெடிக்கையில், ஒவ்வொன்றிலும் அதிகபட்சமாக நான்கு தட்டை விதைகள் இருக்கும். அவை சில அடி தூரம் தெறிக்கும். சிறுவர்கள் நீரில் போட்டு வெடிக்கவைக்கும் பட்டாசுக்காய்ச் செடியும் இக்குடும்பமே என்பதால் இதில் வியப்பில்லை. விதை வேண்டுமென்றால் காய் பழுப்பானவுடன் பறித்துக் காகித உறைக்குள் போட்டு மூடி வையுங்கள். திறந்த தட்டில் வைத்தால் மறுநாள் அறை முழுவதும் பொறுக்க வேண்டியிருக்கும். கவனிக்காமல் விட்ட ஆண்டுகளில் துளசி மாடத்திலும் ரோஜாத் தொட்டியிலும் ஜூலை மழைக்கு இதன் கன்றுகள் முளைக்கும். இரண்டு ஜோடி இலைகள் வருவதற்குள் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். அதற்கு மேல் விட்டால், பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து அசையும்.